ரேஸில் தாங்கிய ஜாயிண்ட் வால்பாறை ரோட்டில் தாங்காதா?

கேள்வி: என்னிடம் 2004 மாடல் மாருதி ஜென் இருக்கிறது. மேனுவல் ஸ்டீயரிங். பொள்ளாச்சியிலிருந்து கோவைக்குத் தினமும் அதில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். மாதம் ஒரு தடவை குடும்பத்தோடு வால்பாறை. கொஞ்ச நாளாக ஸ்டீயரிங்கில் ப்ளே (வெறும் ஆட்டம்) தெரிகிறது. மேடு பள்ளத்தில் கடகடவென்று சத்தம். ராக்கை (ஸ்டீயரிங் திருப்புவதைப் பக்கவாட்டு அசைவாக மாற்றும் பல் தண்டு) முழுசாக மாற்ற வேண்டும், டை ராட் எண்டும் (ராக்கைச் சக்கரத்தோடு சேர்க்கும் கம்பியின் முனை ஜாயிண்ட்) சேர்த்து 14,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். ரேஸ் ஓட்டும் நண்பர் ஒருவர் தன் பழைய டிராக் காரில் கழற்றிய சாமான்களை 6,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார்: டை ராடுக்கு ரோஸ் ஜாயிண்ட் (பந்து வெளியே தெரியும் ரேஸ் ஜாயிண்ட்), ஸ்டீயரிங்கை வேகமாகத் திருப்பும் குவிக்கனர், சட்டென்று கழற்றி மாட்டும் க்விக் ரிலீஸ் ஹப்போடு சின்ன ஸ்டீயரிங் வீல், ராக்கைப் பிடிக்கும் ரப்பருக்குப் பதிலாக பாலியூரித்தேன் புஷ். 'ரேஸில் தாங்கியது ரோட்டில் தாங்காதா?' என்று கேட்கிறார். ராலி கார்கள் இதைவிட மோசமான ரோட்டில் ஓடுகின்றனவே என்கிறார். எனக்கும் நியாயமாகத்தான் படுகிறது. போன ஞாயிறு இடது பக்க நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் இரும்புப் பாகம்) ரோஸ் ஜாயிண்ட் போல்ட்டுக்காக ஓட்டையைப் பெரிசாக்கியும் விட்டோம். மீதி வேலையை முடிக்கலாமா?
— பொள்ளாச்சி வாசகர்

பதில்: கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். வண்டியை எடுக்காதீர்கள். பழைய டை ராட் எண்டைத் திரும்ப மாட்டி 'பக்கத்து ஒர்க்‌ஷாப் வரைக்கும்தானே' என்று ஓட்டுவதும் கூடாது. ஓட்டை பெரிசான நக்கிளில் அது உட்காராது. ஏன் என்று கீழே சொல்கிறேன். வண்டியை நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் ரெக்கவரி வண்டியில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.

இனி உங்கள் நண்பரின் கேள்வி. அவர் ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. ரேஸ் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் மனசாரவே அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் 'தாங்கியது' என்றால் எவ்வளவு தூரம் தாங்கியது? செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர். இருபது சுற்று ஓடினால் 42 கிலோமீட்டர். நீங்கள் காலையில் பொள்ளாச்சியில் கிளம்பி கோவை போய்ச் சேரும் தூரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். உங்களுக்கு ஒரு நாள் காலை டூட்டி, அவருக்கு ஒரு முழுப் பந்தயம். பந்தயம் முடிந்ததும் அவர் காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, ஒவ்வொரு ஜாயிண்டையும் கையால் ஆட்டிப் பார்ப்பார்கள். அடுத்த பந்தயத்துக்கு முன்னால் ஸ்க்ரூட்டினியில் இன்னொருவர் ஆட்டிப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் அந்த ஜாயிண்ட் குப்பைக்குப் போகும், யாரும் யோசிக்க மாட்டார்கள். உங்கள் ஜென்னை வருஷத்துக்கு இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறீர்கள். அதில் எத்தனை தடவை அடியில் படுத்துப் பார்க்கிறீர்கள்?

ரேஸ் சாமானை ஸ்ட்ராங்காக இருக்க வேண்டும் என்பதற்காக யாரும் செய்வதில்லை. எடை குறைவாக இருக்க வேண்டும், கொஞ்சம்கூட ஆட்டம் இருக்கக் கூடாது, சீக்கிரம் கழற்றி மாட்ட வேண்டும். இதற்குத்தான் செய்கிறார்கள். தேய்மானத்தைக் கவனிக்க ஒரு ஆள் கூடவே இருப்பார் என்பது அதன் டிசைனிலேயே இருக்கிறது. நீங்கள் 6,000 ரூபாய்க்கு வாங்கப்போவது சாமானை மட்டும்தான். அந்த ஆள் விலையில் சேர்த்தி இல்லை.

ரோஸ் ஜாயிண்டை எடுத்துக்கொள்வோம். நான்கில் இதுதான் பெரிய ஆபத்து, நீங்கள் கை வைத்திருப்பதும் இதில்தான். கம்பெனி டை ராட் எண்டை நடுவில் அறுத்துப் பார்த்தால், கடினமாக்கப்பட்ட பந்து ஒன்று, அதைக் கவ்வியிருக்கும் வழுவழுப்பான பிளாஸ்டிக் இருக்கை, அதைத் தள்ளிப் பிடிக்கும் அமைப்பு, சுற்றிலும் கிரீஸ், மேலே ரப்பர் பூட் எல்லாம் தெரியும். பந்தோடு சேர்ந்த தண்டு கூம்பாக இருக்கும். நக்கிளில் உள்ள ஓட்டையும் அதே கூம்பு. நட்டை இறுக்கும்போது கூம்பு கூம்புக்குள் கடித்துக்கொள்கிறது. பக்கவாட்டில் வரும் பாரத்தைத் தாங்குவது அந்தக் கடிதான். நட்டின் வேலை கூம்பைக் கீழே இழுத்துப் பிடிப்பது, ஸ்பிளிட் பின்னின் வேலை நட்டு கழன்றுவிடாமல் பார்த்துக்கொள்வது. டை ராட் எண்டைக் கழற்ற மெக்கானிக் சுத்தியலால் நக்கிளின் பக்கத்தில் தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நட்டைக் கழற்றிய பிறகும் அது லேசில் விடாது. அந்தப் பிடிப்பைத்தான் டிரில் போட்டு எடுத்துவிட்டீர்கள்.

ரோஸ் ஜாயிண்டில் பூட் கிடையாது. பந்து வெளியே தெரிய நிற்கும். இருக்கையும் பந்தும் உலோகத்தோடு உலோகமாகவோ, நடுவில் மெல்லிய டெஃப்லான் துணி ஒட்டியோ இருக்கும். கிணத்துக்கடவுப் பக்கம் ரோடு வேலை நடக்கும் நாட்களில் பறக்கும் மண்ணும், ஐப்பசி மழையில் தெறிக்கும் சேறும் நேராக அதற்குள் போகும். மண்ணும் தண்ணீரும் சேர்ந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். புதிதில் கொஞ்சமும் ஆட்டமில்லாமல் கச்சிதமாக இருக்கும். அந்தச் சுகத்தை அனுபவித்தவர்கள்தான் 'ஆஹா, என்ன ஸ்டீயரிங்!' என்று சொல்லித் திரிவார்கள். ஆனால் தினசரி ஓட்டத்தில் அது நெடுநாள் நிலைக்காது. அப்புறம் உங்களுக்குப் பழைய கடகட சத்தமே திரும்ப வரும், இந்தத் தடவை ரப்பர் மூடி இல்லாமல்.

இன்னொன்று, அது எவ்வளவு சாயும் என்பது. கம்பெனி டை ராட் எண்ட் இரண்டு பக்கமும் இருபது டிகிரிக்கு மேல் தாராளமாகச் சாயும். பத்து மில்லி அளவில் கிடைக்கும் சாதாரண ரோஸ் ஜாயிண்ட் பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரியிலேயே முட்டிக்கொள்ளும். டை ராடு 300 மில்லி நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் ஒரு பள்ளத்தில் 75 மில்லி இறங்கினால் டை ராடு 14 டிகிரி சாய்கிறது. அப்போது ரோஸ் ஜாயிண்டின் உடம்பு போல்ட்டில் போய் முட்டி, போல்ட்டை நெம்பத் தொடங்கும். டிராக் காரில் சஸ்பென்ஷன் தாழ்த்திக் கெட்டியாக்கியிருப்பார்கள், சக்கரம் அவ்வளவு இறங்காது. அதே ஜாயிண்ட் உங்கள் காரின் சஸ்பென்ஷனில் முட்டும்.

இது ஏன் இவ்வளவு மலிவு என்பதையும் பாருங்கள். நண்பர் போட்டிருந்தது எந்தத் தரம் என்று எழுதவில்லை. கோவையில் பேரிங் கடைகளில் ராட் எண்ட் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது மில் மெஷினுக்கும் ஏர் சிலிண்டருக்கும் போடுகிற சாமான். சாதாரண இரும்பு உடம்பு. மெஷினில் நன்றாகவே வேலை செய்யும், ஏனென்றால் அங்கே பாரம் ஒரே சீராக வரும், ஆயில்மேன் வந்து போவார், உடைந்தால் மெஷின் நிற்கும், அவ்வளவுதான். விமானத்துக்கும் நல்ல ரேஸ் கார்களுக்கும் போடுகிற குரோம்-மாலிப்டினம் எஃகு ராட் எண்ட் பார்க்க அச்சு அசல் இதே மாதிரி இருக்கும். விலை பல மடங்கு. கையில் வைத்துப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க என்னாலும் முடியாது.

அந்த நல்ல ரகமே போட்டாலும் போல்ட் இருக்கிறது. ரோஸ் ஜாயிண்டை நக்கிளுக்கு மேலேயோ கீழேயோ ஒரு ஸ்பேசர் (இடைவெளிக்கு வைக்கும் குழாய்) வைத்து ஒரே பக்கம் பிடித்த போல்ட்டில் தொங்கவிடுவார்கள். பந்தின் நடுவிலிருந்து நக்கிள் வரை 25 மில்லி, டை ராடில் 300 கிலோ இழுப்பு என்று வைத்துக் கணக்குப் போடலாம். குழியின் விளிம்பில் சக்கரம் மோதும்போது வரக்கூடிய பாரம்தான் இது. 10 மில்லி போல்ட்டின் மரையடியில் கணக்குப் போட்டால், வளைக்கும் அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 140 கிலோ வருகிறது. போல்ட் தலையில் 8.8 என்று அடித்திருந்தால் அது 80 கிலோவில் அறுகிற எஃகு, 64 கிலோவிலேயே வளையத் தொடங்கும். 12.9 என்று அடித்திருந்தாலும் 120தான். 12 மில்லி போல்ட்டுக்கு மாறினால் அழுத்தம் 80 கிலோவுக்கு இறங்கும், 8.8 அப்போதும் போதாது. அடி அகலமான கூம்பு ஸ்பேசர் வைத்து, சரியான டார்க்கில் (முறுக்கு அளவில்) இறுக்கினால் பாரத்தில் ஒரு பங்கை ஸ்பேசர் வாங்கிக்கொள்ளும். விவரம் தெரிந்த ரேஸ் மெக்கானிக் அதோடும் விட மாட்டார். போல்ட்டை மேலும் கீழும் பிடிக்கும் பிராக்கெட் செய்து, பந்து பிய்ந்தாலும் கழன்று விழாதபடி பெரிய வாஷரும் போடுவார். உங்கள் நக்கிளில் ஓட்டை போட்ட கையோடு இதெல்லாம் செய்ய நினைத்திருந்தீர்களா என்று கடிதத்தில் இல்லை.

இந்த போல்ட் முதல் குழியிலேயே உடைந்துவிட்டால்கூடப் பரவாயில்லை, உங்கள் தெருவிலேயே விஷயம் முடிந்துவிடும். அது அப்படி உடைவதில்லை. டிராக்குக்கு வந்துபோகும் ஒரு காரில் அறுந்த இப்படிப்பட்ட போல்ட் ஒன்று என் மேஜை டிராயரில் இருக்கிறது. வெட்டுமுகத்தில் பாதி பழுப்பு, துரு ஏறி வழவழவென்று, அதில் குளம் வற்றும்போது கரையில் விழுகிற மாதிரி வளைவு வளைவாகக் கோடுகள். மீதிப் பாதி வெள்ளி மாதிரிப் பளபளப்பு, சொரசொரப்பு. பழுப்புப் பாதி பல வாரங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் ஓடிய இடம். பளபளப்புப் பாதி கடைசி நொடியில் அறுந்தது. விரிசல் ஓடிய அத்தனை நாளும் ஸ்டீயரிங்கில் ஒரு சத்தமோ ஆட்டமோ இருந்திருக்காது. தேய்ந்த கம்பெனி பால் ஜாயிண்ட் பெரும்பாலும் மாதக்கணக்கில் கடகடத்து உங்களை எச்சரிக்கிறது. உங்களை இப்போது எரிச்சல்படுத்தும் அந்தச் சத்தம் ஒரு வகையில் நல்ல சத்தம்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 98-ஆம் விதி ஸ்டீயரிங் பற்றியது. ஸ்டீயரிங் வீலில் வெறும் ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது, இணைப்புகளில் உள்ள பால் ஜாயிண்ட் எல்லாவற்றுக்கும் ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்று அந்த ஒரே விதியில் இருக்கிறது. ரோஸ் ஜாயிண்ட் அந்த ரப்பர் மூடியிலேயே அடிபட்டுப் போகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனியின் மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று ஆகிவிட்டது. உங்கள் வண்டிக்கு 15 வருஷம் தாண்டிவிட்டது, ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிக்க இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காட்டியாக வேண்டும். இன்ஷூரன்ஸும் இருக்கிறது. சொல்லாமல் செய்த ஸ்டீயரிங் மாற்றம் விபத்துக்குப் பிறகு சர்வேயர் கண்ணில் பட்டால், க்ளெய்மை மறுக்கக் காரணம் நாமே எழுதிக் கொடுத்த மாதிரி.

ராலி கார் வாதத்துக்கும் ஒரு வார்த்தை. ராலி கார் மோசமான ரோட்டில் ஓடுவது உண்மை. ஆனால் சில ஸ்டேஜ் முடிந்ததும் சர்வீஸ் பார்க்குக்கு வருகிறது. அங்கே நான்கு பேர் அதன் அடியில் இருப்பார்கள். டை ராடு வளைந்திருந்தால் சில நிமிஷத்தில் மாற்றிவிடுவார்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவில் உங்களுக்கு எந்த சர்வீஸ் பார்க்கும் கிடையாது, பின் சீட்டில் குழந்தைகள் இருப்பார்கள். அதோடு, கம்பெனி அமைப்புக்கு நெருக்கமான பிரிவுகளில் ஓடும் ராலி கார்கள் பலவற்றில் கம்பெனி டை ராட் எண்டுதான் இருக்கும், ஓட்டுகிறவர்களும் அதில் குறை சொல்வதில்லை.

அடுத்து குவிக்கனர். இது ஸ்டீயரிங் ஷாஃப்ட்டின் நடுவில் போடும் சின்ன கியர் பெட்டி. வீலை ஒரு சுற்று சுற்றினால் ராக்குக்கு ஒன்றரைச் சுற்றோ இரண்டு சுற்றோ போகும். அமெரிக்காவில் மண் தரை வட்டப் பந்தயங்களில் கார் பின்பக்கம் சறுக்கும்போது சட்டென்று எதிர்ப்பக்கம் திருப்ப இது வேண்டும். உங்கள் ஜென்னுக்கு வேண்டாம். பவர் ஸ்டீயரிங் இல்லாத காரில் ஒன்றரை மடங்கு வேகமாகத் திரும்பினால் ஒன்றரை மடங்கு கனமாகவும் இருக்கும். இதோடு 370 மில்லி வீலை எடுத்துவிட்டு 320 மில்லி வீல் மாட்டினால் கனம் இன்னும் கூடும். இரண்டையும் பெருக்கினால் இப்போது இருப்பதைப் போல 1.7 மடங்கு. டவுன்ஹால் பக்கம் பார்க்கிங்கில் இரண்டு தடவை முன்னும் பின்னும் எடுத்துப் பாருங்கள், தோள்பட்டை பதில் சொல்லும். ஹைவேயில் 90-இல் போகும்போது ஒரு தும்மல் போட்டால் லேன் மாறிவிடும்.

ஆனால் என் ஆட்சேபம் கனம் பற்றியது மட்டும் அல்ல. குவிக்கனர் போட ஷாஃப்ட்டை வெட்ட வேண்டும். கார்களின் ஸ்டீயரிங் ஷாஃப்ட் பொதுவாக நேர் கம்பியாக இருக்காது. முன்பக்கம் மோதினால் ஈட்டி மாதிரி ஓட்டுநரின் மார்புக்கு வராமல், மடங்கியோ ஒன்றுக்குள் ஒன்று நழுவியோ போகும்படி செய்திருப்பார்கள். அமெரிக்காவில் 1968 மாடலிலிருந்து இது கட்டாயம். 48 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதும் சோதனையில் ஷாஃப்ட் பின்னோக்கி 127 மில்லிக்கு மேல் வரக் கூடாது என்று அளவே வைத்திருக்கிறார்கள். நடுவில் வெட்டி, கியர் பெட்டியை வைத்து வெல்டிங் அடித்தால் அந்த நழுவல் எங்கே போகும்? டிராக் காரில் ஆறு முனை பெல்ட்டும் ரோல் கேஜும் ஓட்டுநரை சீட்டோடு பிடித்திருக்கும். உங்களுக்கு இருப்பது ஒரே ஒரு குறுக்கு பெல்ட்.

ஷாஃப்ட்டை வெட்டி ஒட்டுவது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதற்கு எல்லாருக்கும் தெரிந்த ஒரு உதாரணம் உண்டு. 1994 மே 1, இத்தாலியின் இமோலாவில் பந்தய வீரர் அயர்டன் சென்னா விபத்தில் இறந்தபோது ஓட்டிய ஃபார்முலா ஒன் காரின் ஸ்டீயரிங் ஷாஃப்ட், காக்பிட்டில் இடம் போதவில்லை என்பதற்காக அதற்கு முன்பே வெட்டப்பட்டு, நடுவில் விட்டம் குறைந்த குழாய் சேர்க்கப்பட்டிருந்தது. விபத்துக்குப் பிறகு அது உடைந்திருந்தது, உடைந்த இடத்தில் உலோகச் சோர்வின் விரிசல்களும் காணப்பட்டன. அணியைச் சேர்ந்தவர்கள் விபத்துக்குக் காரணம் வேறு என்று வாதிட்டார்கள். ஆனால் மோசமாக வடிவமைத்து மோசமாகச் செய்த அந்த மாற்றத்தால் ஷாஃப்ட் உடைந்ததே காரணம் என்று இத்தாலியின் உச்ச நீதிமன்றம் 2007-இல் சொன்னது. அன்றைக்கு உலகத்திலேயே முதல் வரிசையில் இருந்த அணி அது. அவர்களுடைய ஒர்க்‌ஷாப்பில் நடந்த வேலை இப்படி ஆனது என்றால், தெருமுனை வெல்டிங் பட்டறையை நான் எப்படி நம்பச் சொல்வேன்?

க்விக் ரிலீஸ் ஹப் பற்றிச் சுருக்கமாக. ரோல் கேஜும் இறுக்கமான சீட்டும் உள்ள காரில் வீலைக் கழற்றாமல் ஏறி இறங்க முடியாது. அதற்காக வந்தது. சர்வதேசப் பந்தய விதிகளில் அதன் வளையம் மஞ்சள் நிறத்தில் இருக்க வேண்டும், வீலின் அச்சு வழியே இழுத்தால் கழல வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. விபத்தில் ஓடி வருகிறவர்களுக்குக் கண்ணில் பட வேண்டும் இல்லையா? ஜென்னில் கதவைத் திறந்தால் இறங்கிவிடலாம். 'வீலைக் கையோடு எடுத்துப்போனால் வண்டி திருடுபோகாது' என்று விற்பார்கள். அதற்கு ஒரு நல்ல லாக் வாங்கிப் போடுங்கள். மலிவு ஹப்புகளில் ஸ்ப்லைன் பல் சீக்கிரம் தேய்ந்து, புதிதாக ஒரு ப்ளேயை நீங்களே காசு கொடுத்து வாங்கின மாதிரி ஆகும். பெரிய பிராண்டுகளின் பெயரை அடித்த போலிகளும் நிறைய. சரியாக உட்காராத ஹப் முதல் வளைவில் வீலோடு கையில் வரும். ஹாரன் ஒயரும் அங்கேதான் போகிறது, அது பெரும்பாலும் அறுந்துதான் கிடக்கும். நம் ஊரில் ஹாரன் இல்லாத கார் எப்படி ஓடும்?

மீதி பாலியூரித்தேன் புஷ். இதை மட்டும் வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ராக்குக்கு அளவு சரியாகப் பொருந்தினால், வெடிப்பு இல்லாமல் இருந்தால் போதும். ராக்கை பாடியோடு பிடிக்கும் ரப்பர் இருபது வருஷத்தில் நொந்து போயிருக்கும், ராக்கே பக்கவாட்டில் ஒன்றிரண்டு மில்லி நகரும். அதை ப்ளே என்று நினைத்து ராக்கை மாற்றிய கதைகள் உண்டு. கம்பெனி ரப்பர் புஷ் கிடைத்தால் இன்னும் நல்லது, கைக்கு அதிர்வு குறையும். அலுமினிய புஷ் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இங்கேதான் உங்கள் மெக்கானிக்கோடும் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு. சத்தம் எங்கே என்று பார்க்காமல் முழு ராக்கையும் மாற்றச் சொல்லியிருக்கிறார் என்று தோன்றுகிறது. முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். இன்னொருவர் அடியில் டை ராட் எண்டில் விரல் வைத்துப் பார்க்கட்டும். அங்கே அசைவு தெரிந்தால் வெளி ஜாயிண்ட். ராக்கின் ரப்பர் பெல்லோஸை வெளியிலிருந்து அமுக்கிப் பிடித்தால் உள் ஜாயிண்டின் தட்டல் விரலில் தெரியும். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது அசைந்தால் அது பாட்டம் ஆர்ம் பால் ஜாயிண்டோ வீல் பேரிங்கோ, ஸ்டீயரிங்கே இல்லை. அப்புறம் ஒருவர் வீலைச் சின்னதாக இடமும் வலமும் அசைக்க, ஷாஃப்ட் அடியில் உள்ள யுனிவர்சல் ஜாயிண்டைப் பாருங்கள். அதில் துரு ஏறி ஆட்டம் இருப்பது இந்த வயசு வண்டிகளில் சகஜம்.

இதெல்லாம் சரியாக இருந்து ராக்கிலிருந்தே சத்தம் வந்தால்கூட ஒரு படி பாக்கி இருக்கிறது. மாருதியின் மேனுவல் ராக்கில் பினியனுக்கு (ராக்கை நகர்த்தும் சின்ன கியர்) எதிர்ப்பக்கம் ஒரு பிளஞ்சரும் ஸ்பிரிங்கும் ராக்கைப் பல்லோடு அழுத்திப் பிடித்திருக்கும். அதன் பின்னால் டேம்பர் ஸ்க்ரூவும் லாக் நட்டும் இருக்கும். பிளஞ்சர் தேய்ந்தால் மேடு பள்ளத்தில் ராக் பல்லில் தட்டும். நீங்கள் எழுதியிருக்கும் கடகட சத்தம் கிட்டத்தட்ட இதேதான். சர்வீஸ் மேனுவல் அளவுப்படி ஸ்க்ரூவைச் சரிசெய்து, லாக் நட்டை இறுக்கி, வீலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது பிடித்தாலோ, வளைவு முடிந்ததும் வீல் தானாகத் திரும்பி வரவில்லை என்றாலோ அதிகமாக இறுக்கிவிட்டார்கள். நடுவில் தளர்வு, ஓரத்தில் இறுக்கம் என்றால் நடுப் பல் தேய்ந்துவிட்டது. அப்போது மெக்கானிக் சொன்னது சரி, ராக்கை மாற்றத்தான் வேண்டும்.

செலவைக் குறைக்க வழி ரேஸ் சாமானில் இல்லை, டப்பாவில் இருக்கிறது. மாருதியே எல்லா ஸ்டீயரிங் பாகத்தையும் செய்வதில்லை. சப்ளையர் கம்பெனிகள் செய்து கொடுக்கின்றன. அவர்களில் பலர் அதே வகைச் சாமானைத் தங்கள் சொந்தப் பெயரில் ஸ்பேர்ஸ் கடைகளுக்கும் அனுப்புகிறார்கள். சென்னையைச் சேர்ந்த ராணே மாதிரி வண்டிக் கம்பெனிகளுக்கே ஸ்டீயரிங் பாகம் செய்து கொடுப்பவர்களின் டை ராட் எண்ட், கார் கம்பெனி டப்பாவில் வருவதைவிடப் பெரும்பாலும் மலிவு. பில்லோடு வாங்குங்கள். இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள். மாற்றிய அன்றே அலைன்மெண்ட் பாருங்கள், இல்லாவிட்டால் டயரின் உள்விளிம்பு சத்தமில்லாமல் காலியாகும். டை ராட் எண்டும் புஷ்ஷும் பிளஞ்சர் அட்ஜஸ்ட்மெண்டும் மட்டும் என்றால், உங்கள் நண்பர் கேட்கும் தொகைக்குள்ளேயே முடிய நல்ல வாய்ப்பு இருக்கிறது.

நண்பரிடமிருந்து ஒன்றைக் காசு கொடுக்காமல் வாங்கிக்கொள்ளலாம். ரேஸ் மெக்கானிக்குகள் ஒவ்வொரு நட்டையும் டார்க் வைத்து இறுக்கியதும், நட்டிலிருந்து பக்கத்து உலோகம் வரை பெயிண்டால் ஒரு கோடு போடுவார்கள். நட்டு அசைந்தால் கோடு விலகித் தெரியும். வீட்டில் இருக்கும் நெயில் பாலிஷே போதும். மாதம் ஒரு தடவை டார்ச் அடித்து அந்தக் கோடுகளையும் ஜாயிண்டின் ரப்பர் மூடியில் கிழிசல் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். வால்பாறை கிளம்பும் முந்தின நாள் பார்த்தால் இன்னும் நல்லது.

இனி அந்த நக்கிள். கூம்பு ஓட்டையை நேராக டிரில் போட்ட பிறகு அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. 'வெல்டிங்கில் அடைத்து, லேத்தில் திரும்பக் கூம்பு போட்டுத் தருகிறேன்' என்று ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். ஒப்புக்கொள்ளாதீர்கள். வெல்டிங் சூட்டில் அந்த இடத்தின் உறுதி மாறிவிடும், வெடிப்பு உள்ளே தொடங்கினால் வெளியே தெரியாது. கூம்புக்குள் போடும் புஷ் என்ற யோசனையும் வேண்டாம். இடது பக்க நக்கிளை மாற்றத்தான் வேண்டும். ஜென் நின்று வருஷங்கள் ஆகிவிட்டன, புதுசு கிடைக்காமல் போகலாம். உக்கடத்திலோ சென்னை புதுப்பேட்டையிலோ பழைய நக்கிள் கிடைக்கும். எந்த வண்டியில் கழற்றியது என்று கேளுங்கள், முன்பக்கம் இடிபட்ட வண்டி என்றால் தொடாதீர்கள். மண்ணெண்ணெயில் கழுவி, கூம்பு ஓட்டை வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். புது டை ராட் எண்டின் தண்டை அதில் உட்கார வைத்து ஆட்டினால் கொஞ்சமும் ஆடக் கூடாது, நட்டு மாட்டும் முன் மரை எவ்வளவு வெளியே வருகிறது என்று வலது பக்கத்தோடு ஒப்பிட வேண்டும். கோவையில் நிறைய என்ஜின் ரீபோரிங் பட்டறைகளிலும் மெட்டல் டெஸ்டிங் லேப்களிலும் விரிசல் பார்க்கும் சாய டெஸ்ட் செய்து தருவார்கள். சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, வெள்ளைப் பொடி அடித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு எழும். பெரிய செலவு இல்லை, அதைப் பார்க்காமல் பழைய நக்கிளை மாட்டச் சொல்ல மாட்டேன். மாட்டும்போது வீல் பேரிங்கையும் புதுசாகப் போட்டுவிடுங்கள், எப்படியும் அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ஓட்டை போட்ட பழைய நக்கிளை எடைக்குப் போடும் முன் ஓட்டை உள்ள அந்த நீட்டலை அறுத்துவிட்டுப் போடுங்கள், வேறு யாராவது வாங்கி மாட்டிவிடப் போகிறார்கள்.